62 வயது, சுகர், பிரஷர், ஒன்பது வரிச் சீட்டு: மாதம் 3,960 ரூபாய் எங்கே போகிறது?

கணக்குப்பிள்ளை

தென்காசிப் பக்கம் ஒரு சிறு ஊர் கிளினிக்கில் எழுதிக் கொடுத்த சீட்டு இது. பிராண்டு பெயர்களை எடுத்துவிட்டு மூலக்கூறு (மருந்தின் வேதிப் பெயர்) மட்டும் போடுகிறேன். விலை, ஸ்ட்ரிப்பில் உள்ள எம்ஆர்பியை ஒரு மாத்திரைக்கு வகுத்து, சில்லறையை முழு ரூபாயாக்கியது. 1-0-1 என்றால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று; எஸ்ஆர் என்றால் மெதுவாகக் கரையும் ரகம். எல்லாம் 30 நாளைக்கு.

1. கிளிமெபிரைடு 2 + மெட்ஃபார்மின் 500 எஸ்ஆர், 1-0-1, மாத்திரை 11 ரூ. = 660
2. வில்டாக்ளிப்டின் 50 + மெட்ஃபார்மின் 500, 1-0-1, 10 ரூ. = 600
3. டெல்மிசார்டன் 40 + ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5, 1-0-0, 12 ரூ. = 360
4. ரோசுவாஸ்டாட்டின் 10, 0-0-1, 14 ரூ. = 420
5. பான்டோபிரசோல் 40 + டோம்பெரிடோன் 30 எஸ்ஆர், 1-0-0, 13 ரூ. = 390
6. மெத்தில்கோபாலமின் + ஆல்ஃபா லிப்போயிக் ஆசிட் + பிரிகாபலின் 75, 0-0-1, 18 ரூ. = 540
7. கால்சியம் + டி3, 0-1-0, 14 ரூ. = 420
8. மல்டிவிட்டமின் சாஃப்ட்ஜெல், 0-1-0, 17 ரூ. = 510
9. அசெக்ளோஃபெனாக் 100 + பாரசிட்டமால் 325, மூட்டு வலி வந்தால் மட்டும், 10 மாத்திரை, 6 ரூ. = 60

ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) 7.4 என்று சீட்டிலேயே இருக்கிறது. கிரியாட்டினின் (சிறுநீரகச் சோதனை) எங்கும் எழுதவில்லை. டாக்டரை மாற்றும் எண்ணம் இல்லை. "ஜன் ஔஷதிக்குப் போங்க" (மத்திய அரசின் மலிவு மருந்துக் கடை) என்று ஒற்றை வரியில் முடிக்காமல், எந்த வரியில் என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மெடிக்கல்_கவுண்டர்

சார், இந்தச் சீட்டை நாலாவது வரியோடு ஒரு கோடு போட்டுப் பிரிங்க. மேலே இருக்கிற நாலும் சுகர், பிரஷர், கொழுப்புக்கானது: 2,040. கீழே இருக்கிற அஞ்சும் துணைக்கு வந்தது: 1,920. கிட்டத்தட்ட பாதிப் பணம் துணைக்குப் போகுது. சுகர் மாத்திரை விலையைப் பத்திதான் எல்லாரும் புலம்புவாங்க. கவுண்டர்ல நிக்கிறவனுக்குத் தெரியும், பில்லை ஏத்துறது 5-ல இருந்து 8 வரைக்கும் உள்ள சரக்குதான்.

எட்டாவது வரி அட்டையைத் திருப்பிப் பாருங்க. மருந்துன்னா உற்பத்தி உரிம எண் இருக்கும். அதுக்குப் பதிலா எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) முத்திரையும் 14 இலக்க எண்ணும் இருந்தா அது சட்டப்படி உணவுப் பொருள். மருந்து விலைக் கட்டுப்பாடு அதைத் தொடாது. கம்பெனி வச்சதுதான் விலை.

மருந்துல ரெண்டு ஜாதி. தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல (2022 பட்டியல்ல 384 மருந்து) இருக்கிறதுக்கு 2013 விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உச்ச விலை உண்டு. சந்தையில 1 சதவீதத்துக்குக் குறையாம பங்கு வச்சிருக்கிற பிராண்டுகளோட கடைக்காரர் கொள்முதல் விலையைச் சராசரி போட்டு, அதுமேல 16 சதவீதம் கடைக்காரர் லாபம். சராசரி 5 ரூபாய்னா உச்ச விலை 5.80, அதுக்கு மேல ஜிஎஸ்டி. பட்டியல்ல இல்லாத மருந்துக்கு உச்ச விலை கிடையாது, வருஷத்துக்கு 10 சதவீதம் வரைக்கும் எம்ஆர்பியை ஏத்திக்கலாம், அதுதான் பொதுவான கட்டுப்பாடு. தனி மெட்ஃபார்மின், தனி கிளிமெபிரைடு, தனி டெல்மிசார்டன் எல்லாம் பட்டியல்ல இருக்கு. ரெண்டு மூணைச் சேர்த்து ஒரே மாத்திரையாக்குற கூட்டு மருந்துகள்ல பெரும்பாலானது பட்டியலுக்கு வெளியே. ஒண்ணாவது வரியும் ரெண்டாவது வரியும் ஏன் இந்த விலைங்கிறதுக்குப் பாதி காரணம் இதுதான்.

ஜிஎஸ்டி பத்தி ஒண்ணு: 2025 செப்டம்பர் 22-ல இருந்து 12 சதவீதத்துல இருந்த மருந்துல பெரும்பாலானது 5-க்கு வந்தாச்சு. பழைய எம்ஆர்பி அச்சோட ஸ்ட்ரிப் கைக்கு வந்தா, பில்லுல எத்தனை சதவீதம் போட்டிருக்குன்னு பாருங்க.

பழைய_எம்ஆர்

கவுண்டர் அண்ணன் நாசூக்கா விட்டதை, மருந்து கம்பெனிப் பிரதிநிதியா இருந்த நான் சொல்லிடுறேன். 7, 8 ரெண்டும் பக்கத்து ஊர் மெடிக்கல்ல கிடைக்குதான்னு முதல்ல கேளுங்க. கிளினிக் வாசல்ல இருக்கிற கடையில மட்டும் கிடைச்சா அது பிராபகண்டா கம்பெனிச் சரக்கு.

வேலை எப்படி நடக்கும்னா, இமாச்சலத்து பட்டியிலோ (Baddi) உத்தராகண்ட் ரூர்க்கியிலோ ஒரு ஆலை ஒரே கால்சியம் மாத்திரையை இருபது பேருக்கு அடிச்சுக் கொடுக்கும். அட்டையில மட்டும் பேர் மாறும். இந்த ஏரியாவுக்கு இந்த பிராண்டு உனக்கு மட்டும்னு ஒரு ஆள் எடுத்துப்பார். அவர் ரெண்டு மூணு டாக்டரைப் பிடிச்சா போதும், விளம்பரச் செலவு கிடையாது, பெரிய ஃபீல்டு ஃபோர்ஸ் கிடையாது. கொள்முதல் விலைக்கும் எம்ஆர்பிக்கும் நடுவுல இருக்கிற அகலத்தைக் கடையும் ஸ்டாக்கிஸ்ட்டும் (மொத்த விநியோகஸ்தர்) மத்தவங்களும் பங்கு போட்டுக்குவாங்க. உச்ச விலை உள்ள சரக்குல இந்த விளையாட்டு செல்லாது, அகலமே இருக்காது. அதனாலதான் பிராபகண்டா பார்ட்டிங்க கால்சியம், விட்டமின், எல்-மெத்தில்ஃபோலேட், என்சைம் சிரப்னு தேடித் தேடிப் போவாங்க.

அட்டையில "மேனுஃபாக்சர்டு பை", "மார்க்கெட்டட் பை"னு ரெண்டு முகவரி இருக்கும். முதலாவதை இன்னொரு மலிவான அட்டையோட ஒப்பிட்டா பல நேரம் ஒரே ஆலை வரும்.

பெரிய கம்பெனிகள் சுத்தம்னு சொல்லலை. 2024 மார்ச் 12-ல வந்த மருந்து விற்பனை நடத்தை விதி பரிசு, குடும்பத்தோட டூர் எல்லாத்தையும் தடை பண்ணுது, சாம்பிளுக்கும் ஒரு டாக்டருக்கு ஒரு மருந்துல வருஷத்துக்கு 12 பாக்கெட்னு வரம்பு வைக்குது. அதுக்கு முன்னாடியே, 2022 பிப்ரவரியில, டாக்டருக்குக் கொடுத்த இலவசங்களை வியாபாரச் செலவுன்னு வருமான வரியில கழிக்க முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. பெரிய கம்பெனிக்குக் கணக்குக் காட்டணும்ங்கிற பயமாவது இருக்கு. நான் மேல சொன்ன பார்ட்டிகளைக் கணக்கு கேட்க ஆள் இல்லை.

ஊர்_மருத்துவர்

இழையின் போக்கு தெரிகிறது. கிளினிக் நடத்துகிறவன் தரப்பையும் கேளுங்கள்.

ஒன்று. கூட்டு மாத்திரை எழுதுவது எல்லா நேரமும் பேராசை இல்லை. மேலுள்ள சீட்டில் சுகருக்கு மட்டும் மூன்று மூலக்கூறு. தனித்தனியாக எழுதினால் மாத்திரை எண்ணிக்கை கூடும், 62 வயதில் இரண்டை மறப்பார்கள், அடுத்த மாதம் சர்க்கரை 250 என்று வந்து நிற்பார்கள்.

இரண்டு. ஜெனரிக் பெயரில், அதாவது பிராண்டு இல்லாமல் மூலக்கூறு பெயரில் எழுது என்பார்கள். விதியும் அதையே சொல்கிறது. மருத்துவ கவுன்சிலின் 2002 நடத்தை விதி 1.5, 2016-ல் திருத்தியபோது "தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில்" என்று சேர்த்தார்கள். 2023 ஆகஸ்ட் 2-ல் தேசிய மருத்துவ ஆணையம் அதை இன்னும் கடுமையாக்கி, அதே மாதம் 23-ல் நிறுத்தி வைத்தது. நடைமுறையில் நடப்பது வேறு. நான் மூலக்கூறு பெயரை எழுதினால் பிராண்டைத் தேர்ந்தெடுப்பது நோயாளி அல்ல, கடைக்காரர். அவருக்கு எதில் லாபம் அதிகமோ அதுதான் கவுண்டருக்கு வரும். நான் பிராண்டு எழுதினால் அதை மாற்றிக் கொடுக்க மருந்து விதி 65(11ஏ) அவரை அனுமதிக்காது. இந்தப் பூட்டைக் கழற்றாமல் டாக்டரை மட்டும் திட்டிப் பயனில்லை.

மூன்று. ஆலோசனைக் கட்டணம் 150 ரூபாய், அதிலேயே ஊசியும் மூன்று நாள் மாத்திரையும் அடக்கம் என்று எதிர்பார்க்கிற ஊரில், அந்தப் பணம் வேறெங்கிருந்தோ வந்துதான் ஆக வேண்டும். நியாயம் என்று சொல்லவில்லை. கணக்கு அப்படித்தான் ஓடுகிறது.

சீட்டைப் பற்றி: விலையை விட்டுவிட்டு எனக்குக் கண்ணில் படுவது கிரியாட்டினின் இல்லாததுதான். இந்தச் சீட்டில் ஐந்து வரிகளின் அளவு சிறுநீரகத்தைப் பொறுத்தது.

கணக்குப்பிள்ளை

> ஐந்து வரிகளின் அளவு சிறுநீரகத்தைப் பொறுத்தது

டாக்டர், எந்த ஐந்து? கொஞ்சம் விரித்துச் சொல்ல முடியுமா?

ஊர்_மருத்துவர்

1, 2: இரண்டிலும் மெட்ஃபார்மின் ஒளிந்திருக்கிறது. நாளுக்கு 500 × 4 = 2,000 மி.கி. சிறுநீரகம் நன்றாக இருந்தால் சரியான அளவுதான். இஜிஎஃப்ஆர் (கிரியாட்டினினை வைத்துக் கணக்கிடும் சிறுநீரக வேலைத்திறன்) 45-க்குக் கீழே இறங்கினால் பாதியாக்க வேண்டும், 30-க்குக் கீழே நிறுத்த வேண்டும். வில்டாக்ளிப்டினும் நடுத்தரக் குறைபாட்டிலேயே நாளுக்கு 50 மி.கி. ஆகிவிடும். கிளிமெபிரைடு நாளுக்கு 4 மி.கி.; சிறுநீரகம் மந்தமானால் அது உடலில் தங்கி, சாப்பாடு தள்ளிப்போன நாளில் லோ சுகரில் கொண்டுபோய் விடும். 6-ல் உள்ள, நரம்பு வலிக்கான பிரிகாபலினும் சிறுநீர் வழியாகவே வெளியேறுகிறது. கூடினால் மயக்கம், தள்ளாட்டம், இரவில் பாத்ரூம் போகும்போது விழுதல்.

மிச்சம் 3, 9. இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். டெல்மிசார்டன் ஒரு பக்கம், ஹைட்ரோகுளோரோதயசைடு ஒரு பக்கம், அதோடு அசெக்ளோஃபெனாக். மூன்றும் சிறுநீரகத்தின் ரத்த ஓட்டத்தை மூன்று இடத்தில் பிடிக்கின்றன: ஒன்று வெளிச்செல்லும் குழாயைத் தளர்த்துகிறது, ஒன்று உடம்பின் நீரைக் குறைக்கிறது, ஒன்று உட்செல்லும் குழாயைச் சுருக்குகிறது. ஒரு வயிற்றுப்போக்கோ, வெயிலில் தண்ணீர் குடிக்காத ஒரு நாளோ சேர்ந்தால் கிரியாட்டினின் எகிறும். எகிறினால் மெட்ஃபார்மினும் உடம்பில் தேங்கும். சீட்டிலேயே மலிவான வரி, 60 ரூபாய். ஆபத்து அதில்தான் அதிகம்.

வலிக்குத் தனி பாரசிட்டமால் 500 அல்லது 650 போதும், நாளுக்கு 3 கிராமைத் தாண்டாமல். மூட்டுக்கு மேலே தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல் இன்னும் நல்லது, ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு.

மெடிக்கல்_கவுண்டர்

டாக்டர் சொன்னதோட ஒரு சங்கிலி சேர்த்துக்கிறேன். சீட்டுல ஒரு வரி இன்னொரு வரியைப் பெத்துப்போடும். ரெண்டாவது வரியில இருக்கிற மெட்ஃபார்மின் பொதுவா சாதா ரகம், எஸ்ஆர் இல்லை. அது வயித்தைப் பிரட்டும், ஏப்பம், உப்புசம். ஆளு போய் "கேஸ்"னு சொல்வார். அஞ்சாவது வரி வந்துடும். மூணாவது வரியில இருக்கிற தயசைடு சோடியம், பொட்டாசியத்தைக் குறைச்சா கெண்டைக்கால் பிடிக்கும். "கால் குடையுது"ம்பார். ஏழும் எட்டும் வந்துடும்.

இன்னொண்ணு, அஞ்சும் ஏழும் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கு நிக்கிற வரி. கால்சியம் கார்பனேட் கரையறதுக்கு வயித்துல அமிலம் வேணும். பான்டோபிரசோல் அதை அடைச்சு வைக்குது. 420 ரூபாய் கால்சியத்தை 390 ரூபாய் கேஸ் மாத்திரை ஓரளவு வீணடிக்குது.

டோம்பெரிடோன் 30-ஐ வருஷக்கணக்குல போடக் கூடாது. ஐரோப்பிய மருந்து முகமை 2014-லயே நாளுக்கு அதிகபட்சம் 30 மி.கி., பொதுவா ஒரு வாரத்துக்கு மேல வேண்டாம்னு வரையறுத்துருச்சு. இதயத் துடிப்புல கோளாறு வரலாம், 60 தாண்டினவங்களுக்கு ஆபத்து கூட. காய்ச்சலுக்கு அசித்ரோமைசின் சேர்ந்தா இன்னும் மோசம். அவசியம்னா தனி பான்டோபிரசோல், காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி. ரொம்ப நாள் போட்டவங்க திடீர்னு விட்டா அமிலம் ரெண்டு மடங்கா திரும்பும். ஒரு நாள் விட்டு ஒரு நாள்னு ரெண்டு மூணு வாரத்துல இறக்கணும்.

சந்தேகசாமி

எல்லாம் சரி. மலிவு மாத்திரையில சர்க்கரை குறையவே மாட்டேங்குதுன்னு சொல்றவங்க ஊருக்குப் பத்து பேர் இருக்காங்களே?

மருந்தியல்_மேசை

அந்தக் கேள்வியை இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

முதலாவது, தரம். மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் மாதாமாதம் தரம் தவறிய மருந்துகளின் பட்டியலை வெளியிடுகிறது. பிராண்டு, பேட்ச் எண், ஆலை எல்லாம் இருக்கும். எடுத்துப் படித்தால் விலை கூடிய பிராண்டுகளும் அதில் வருவதைப் பார்க்கலாம். 2025 அக்டோபரில் வெளியே தெரிந்த, மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்த விவகாரத்தில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் (ஒரு நச்சு ரசாயனம்) இருந்தது காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான, பிராண்டு பெயர் போட்ட ஒரு இருமல் சிரப்பில். அட்டைப் பெயரோ விலையோ தரத்துக்குச் சான்று ஆகாது.

இரண்டாவது, சம உறிஞ்சுதல், அதாவது மலிவு மாத்திரையும் மூல பிராண்டும் ரத்தத்தில் ஒரே அளவு சேர்கிறதா என்பது. எளிதில் கரையாத மூலக்கூறுகளுக்கு (டெல்மிசார்டன், கிளிமெபிரைடு, அட்டோர்வாஸ்டாட்டின் இந்த ரகம்) மாநில உரிமம் வாங்குவதற்கே சம உறிஞ்சுதல் ஆய்வு வேண்டும் என்ற திருத்தம் 2017 ஏப்ரலில்தான் வந்தது. அதற்கு முன் உரிமம் பெற்ற சரக்கில் இந்த ஆய்வு இல்லாமல் இருந்திருக்கலாம். சந்தேகசாமி சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. தீர்ப்பைக் குளூக்கோமீட்டரிடமும் பிரஷர் கருவியிடமும் விட்டுவிடுங்கள்: மாற்றுவதற்கு முந்தைய வாரம் மூன்று நாள் வெறும் வயிற்று அளவு, மாற்றிய மூன்றாம் வாரம் அதே நேரத்தில் மூன்று நாள். அதே சாப்பாடு, அதே கருவி. வித்தியாசம் இல்லையென்றால் விஷயம் முடிந்தது.

சில மருந்துகளில் மட்டும் பிராண்டு மாற்றி விளையாடக் கூடாது: வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், தைராய்டுக்கான லெவோதைராக்சின். தைராய்டு மாத்திரையின் பிராண்டை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஎஸ்ஹெச் (தைராய்டு ரத்தச் சோதனை) பார்க்க வேண்டும். மேலுள்ள சீட்டில் இந்த ரகம் எதுவும் இல்லை.

காப்புரிமை பற்றி யாரும் பேசவில்லை. பழைய சீட்டையே வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் கவனியுங்கள். சுகர் மருந்துகளில் வில்டாக்ளிப்டின் 2019 டிசம்பரில், டாபாக்ளிஃப்ளோசின் 2020 அக்டோபரில், சிட்டாக்ளிப்டின் 2022 ஜூலையில், எம்பாக்ளிஃப்ளோசின் 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்து, ஒவ்வொன்றுக்கும் பல பிராண்டுகள் வந்து விலை சரிந்தது. எம்பாக்ளிஃப்ளோசின் 60 ரூபாய் அளவில் இருந்தது, இன்று அதில் சிறு பங்கு விலைக்குக் கிடைக்கிறது. மூல பிராண்டையே இன்னும் வாங்குகிறவர்கள் பழக்கத்துக்குக் காசு கொடுக்கிறார்கள்.

ஆரம்ப_சுகாதாரம்

ஒருத்தரும் அரசு ஆஸ்பத்திரியைச் சொல்லவில்லையே! மெட்ஃபார்மின், அம்லோடிபின், எனலாபிரில், அட்டோர்வாஸ்டாட்டின் எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். வாங்கித் தருவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994-ல் தொடங்கி 1995-ல் கொள்முதலைக் கையில் எடுத்தது. டெண்டரில் மூலக்கூறு பெயரில்தான் வாங்குவார்கள், வந்த சரக்கு ஆய்வுக்கூடச் சோதனையில் தேறிய பிறகுதான் வார்டுக்குப் போகும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பெயர் பதிந்தவர்களுக்குச் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும்.

குறையும் சொல்கிறேன். புதிய ரக மாத்திரைகளை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். மாத்திரை கையிருப்பைப் பொறுத்து அதே மூலக்கூறின் அளவு மாறி வரும், 500 ஒரு மாதம், 1000 ஒரு மாதம் என்று. அட்டையைப் படிக்காமல் "ரெண்டு வெள்ளை மாத்திரை" என்று நிறத்தை வைத்துப் போடுகிறவர்கள் இரட்டிப்பாகப் போட்டுவிடுகிறார்கள். தனியார் சீட்டும் அரசு மாத்திரையும் சேர்த்துப் போடுகிற ஆட்கள் இன்னும் அதிகம். கவுண்டருக்குத் தனியார் சீட்டையும் கொண்டு வாருங்கள், ஒளிக்காதீர்கள். யாரும் திட்ட மாட்டோம்.

2025 பிப்ரவரி 24-ல் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறந்தார்கள், ஜன் ஔஷதி 2008 முதல் இருக்கிறது. ஜன் ஔஷதியில் விலை சந்தை பிராண்டைவிட 50 முதல் 80 சதவீதம் குறைவு என்பது அரசின் கணக்கு. போவதற்கு முன் "ஜன் ஔஷதி சுகம்" செயலியில் மூலக்கூறு பெயரைப் போட்டுப் பாருங்கள். பிராண்டு பெயரோடு போனால் கவுண்டரில் குழப்பம்தான்.

பழைய_எம்ஆர்

மேடம் சொன்ன நிறக் குழப்பம் நூத்துக்கு நூறு. அதோட கிளினிக்கிலேயே காகிதக் கவர்ல போட்டுக் கொடுக்கிற உதிரி மாத்திரையையும் சேர்த்துக்கோங்க. டாக்டர் தன் நோயாளிக்குத் தானே மருந்து கொடுக்கலாம், மருந்து விதிகள்ல கே அட்டவணை அதுக்கு விலக்கு கொடுக்குது, கடை மாதிரி திறந்து வச்சு விற்காத வரைக்கும். ஆனா கவர்ல பேரும் இல்லை, மி.கி.யும் இல்லை. உடம்பு வலி, மூச்சிரைப்புன்னு வாங்கிப் போட்டு "ஒரே நாள்ல எழுந்து உட்கார்ந்துட்டேன்"னா அதுல டெக்சாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு இருக்கான்னு கேளுங்க. சுகர்காரங்களுக்கு ஸ்டீராய்டு விழுந்தா சர்க்கரை எகிறும், அதை அடக்க சீட்டுல இன்னொரு வரி ஏறும்.

ஊர்_மருத்துவர்

கவரில் பெயர் எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்பது நோயாளியின் உரிமை. இதில் எனக்கு எதிர்வாதம் இல்லை.

நூலகம்_எதிரே

வேறொரு கேள்வி. எங்கள் நுகர்வோர் மன்றத்தில் ஊரில் உள்ள ஒரு கிளினிக்கின் சீட்டுகளைச் சேகரித்து "இங்கே மருந்து அதிகமாக எழுதுகிறார்கள்" என்று காட்ட விரும்புகிறோம். சுமார் 40 சீட்டு கைவசம் இருக்கிறது. போதுமா?

மருந்தியல்_மேசை

போதாது. அதோடு, அந்த 40 எப்படிக் கைக்கு வந்தது என்பதுதான் பெரிய சிக்கல். புகார் உள்ளவர்கள் கொண்டுவந்த சீட்டு என்றால் முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது.

உலக சுகாதார நிறுவனம் 1993-ல் வெளியிட்ட கையேட்டின் முறை எளிது. ஒரே இடத்தை அளக்க 100 சீட்டாவது வேண்டும். ஒரு வருஷம் முழுக்கப் பரவியிருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை காய்ச்சல் சீசன் சீட்டு மட்டும் எடுத்தால் ஆன்டிபயாட்டிக் வீங்கித் தெரியும். கிளினிக்கே ஒத்துழைத்தால் பதிவேட்டில் குறிப்பிட்ட இடைவெளியில் (ஒவ்வொரு 25-ஆவது பெயர் என்பது போல) எடுங்கள். பெயர், செல் எண் எல்லாம் நகல் எடுக்கும்போதே மறைத்துவிடுங்கள்.

ஒவ்வொரு சீட்டிலும் ஐந்தே எண்ணிக்கை: எத்தனை மருந்து, அதில் எத்தனை மூலக்கூறு பெயரில், ஆன்டிபயாட்டிக் உண்டா, ஊசி உண்டா, எத்தனை அத்தியாவசியப் பட்டியலில். கூட்டு மாத்திரையை ஒரே மருந்தாக எண்ண வேண்டும். தடுப்பூசி, ஊசிக் கணக்கில் வராது. இந்தக் கையேட்டு வழியில் வழக்கமாக ஒப்பிடும் அளவு: ஒரு சீட்டுக்கு 1.6 முதல் 1.8 மருந்து, ஆன்டிபயாட்டிக் உள்ள சீட்டு 20 முதல் 26.8 சதவீதம், ஊசி உள்ள சீட்டு 13.4 முதல் 24.1 சதவீதம், மற்ற இரண்டும் 100.

இந்த அளவு பொது வெளிநோயாளிகளுக்கானது. சுகர் சீட்டையும் காய்ச்சல் சீட்டையும் ஒரே குவியலில் போட்டுச் சராசரி எடுத்துவிட்டு டாக்டர் மேல் பாயாதீர்கள். நீண்டகால நோய்ச் சீட்டு தனி, மூன்று நான்கு நாள் சீட்டு தனி. செலவுக்குச் சராசரியைவிட நடு மதிப்பைப் பாருங்கள், இரண்டு இன்சுலின் சீட்டு சேர்ந்தாலே சராசரி தூக்கிவிடும். கடைசியாக, ஆன்டிபயாட்டிக்கை வகை பிரித்துக் காட்டுங்கள்: அமாக்சிசிலின், டாக்சிசைக்ளின், நைட்ரோஃபுரன்டாயின் முதல் வரிசை; அசித்ரோமைசின், செஃபிக்சைம், லெவோஃப்ளாக்சசின் கண்காணிக்க வேண்டிய வரிசை. முதல் வரிசையின் பங்கு உலக அளவில் 2030-க்குள் 70 சதவீதம் ஆக வேண்டும் என்று 2024 செப்டம்பரில் ஐநா பொதுச்சபையில் நாடுகள் ஏற்றன. எத்தனை ஆன்டிபயாட்டிக் என்பதைவிட எது என்பதில்தான் ஒரு கிளினிக்கின் பழக்கம் தெரியும்.

மெடிக்கல்_கவுண்டர்

செஃபிக்சைம், லெவோஃப்ளாக்சசின் ரெண்டும் ஹெச்1 அட்டவணை, அதாவது விற்பனையைத் தனியா கண்காணிக்கிற மருந்துப் பட்டியல். 2014 மார்ச்ல இருந்து அதை வித்தா டாக்டர் பேர், நோயாளி பேர், மருந்து, எண்ணிக்கை எல்லாம் தனிப் பதிவேட்டுல எழுதி மூணு வருஷம் வச்சிருக்கணும். ஆய்வாளர் கேட்டா காட்டணும். அசித்ரோமைசின் அந்த அட்டவணையில இல்லை. அது இவ்வளவு சுலபமா சீட்டுல ஏறுறதுக்கு அதுவும் ஒரு காரணம்னு எனக்குத் தோணும்.

காய்ச்சல் சீட்டைப் பத்திச் சொல்லணும்னா, நாலு நாள் சீட்டுல அசித்ரோமைசின் 500, பாரசிட்டமால் 650, மான்டிலுகாஸ்ட் கூட்டு, கேஸ் மாத்திரை, சிரப், மேல ஒரு டைக்ளோஃபெனாக் ஊசி. வைரஸ் காய்ச்சலுக்கு இதுல பாரசிட்டமால் ஒண்ணுதான் வேலை செய்யுது. டெங்கு சீசன்ல அந்த ஊசி வேண்டவே வேண்டாம், ரத்தக் கசிவு வரும். ரத்தப் பரிசோதனைக்கு முன்னாடி யார் போடச் சொன்னாலும் "மாத்திரையே கொடுங்க டாக்டர்"னு கேளுங்க.

கணக்குப்பிள்ளை

எல்லோருக்கும் நன்றி. அடுத்த விசிட்டுக்குக் கையில் எடுத்துப் போக இப்படி ஒரு தாள் எழுதியிருக்கிறேன். டாக்டர் பார்த்துத் திருத்துங்கள்.

1. கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், பி12 பார்க்கலாமா?
2. கேஸ் மாத்திரையும் விட்டமினும் வேண்டாமே, நிறுத்திவிடலாமா?
3. மூட்டு வலிக்குத் தனி பாரசிட்டமால் போதுமா?
4. எல்லாவற்றையும் ஜெனரிக்காக எழுதித் தருவீர்களா?

ஊர்_மருத்துவர்

இரண்டாம் கேள்வியை அப்படிக் கேட்டால் எந்த டாக்டருக்கும் சுருக்கென்று இருக்கும். "இது எதற்காக, எத்தனை நாள்?" என்று ஒவ்வொரு வரிக்கும் கேளுங்கள். பதில் இல்லாத வரியை அவரே அடித்துவிடுவார். மூன்றாம் கேள்வியை முதலாவதாக்குங்கள், அதற்குப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

பி12 கேட்டது சரி, மெட்ஃபார்மினும் பான்டோபிரசோலும் வருஷக்கணக்கில் சேர்ந்தால் அது குறையும். குறைந்திருந்தால் ஆறாம் வரியில் கோபாலமினுக்கு வேலை இருக்கிறது, லிப்போயிக் ஆசிட்டுக்கு அவ்வளவாக இல்லை. பிரிகாபலினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், குறைந்தது ஒரு வாரம் எடுத்துப் படிப்படியாக இறக்க வேண்டும்.

நான்காவது: "எல்லாவற்றையும்" என்று கேட்காமல் நான்காம் வரியிலிருந்து தொடங்குங்கள். ரோசுவாஸ்டாட்டின் 10-க்கு ஈடு அட்டோர்வாஸ்டாட்டின் 20, அது எல்லா மலிவுக் கடையிலும் இருக்கும்.

மெடிக்கல்_கவுண்டர்

புதுசா எழுதினதை முதல்ல பத்து நாளைக்கு மட்டும் வாங்குங்க சார். ஒத்துக்கலைன்னா மிச்சத்துக்குக் காசு போகாது. ஸ்ட்ரிப்பைக் கத்தரிச்சுக் கொடுக்கும்போது பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கிற பக்கத்தை உங்களுக்குக் கேட்டு வாங்குங்க, பில்லுலயும் அதே எண் இருக்கான்னு பாருங்க. திருப்பிக் கொடுக்கணும்னா அது ரெண்டும் ஒத்துப்போகணும். 15 மாத்திரை அட்டையையும் 10 மாத்திரை அட்டையையும் அட்டை விலையில ஒப்பிடாதீங்க, மாத்திரை விலையில ஒப்பிடுங்க.